கடலடிப் பார்களைக் காப்பதில் மாத்தளைக்கும் பங்குண்டு

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. வடக்கே தம்புள்ளை முதல் தெற்கே உக்குவளை வரை, கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் வரை விரிந்து கிடக்கும் இம்மாவட்டத்தில் அலையோசை எங்கும் கேட்பதில்லை. ஆயினும் கடலுடன் இம்மாவட்டத்துக்கு உள்ள தொடர்பு பலர் எண்ணுவதைவிட நெருக்கமானது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி மாத்தளை நகரை ஊடறுத்துச் செல்கிறது. அம்பேபுஸ்ஸையில் தொடங்கித் திருகோணமலை செல்லும் ஏ-6 வீதி கலேவெல ஊடாக வந்து தம்புள்ளையில் அதனைச் சந்திக்கிறது. தம்புள்ளையிலிருந்து திருகோணமலைத் துறைமுகம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரமே. கிழக்கிலும் வடக்கிலும் பிடிபடும் மீன் பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, இரவோடிரவாக இந்த வீதிகளின் வழியாகவே கண்டிக்கும் கொழும்புக்கும் பயணிக்கிறது. அதில் ஒரு பங்கு மாத்தளையிலும் இறங்குகிறது.

மீன் என்பது இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரினதும் உணவு மேசையில் இடம்பெறும் பொருள். இறைச்சி வகைகளில் ஒருவருக்கு ஆகுவது மற்றவருக்கு ஆகாது. மீனுக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. தோட்டத்து லயன் அறையிலும், உக்குவளை முஸ்லிம் குடும்பத்தின் அடுப்பங்கரையிலும், கலேவெலயின் விவசாயி வீட்டிலும் அது கறியாகவோ கருவாடாகவோ சமைக்கப்படுகிறது. ஆனால் அந்த மீன் எங்கிருந்து, எவ்வாறு பிடிக்கப்பட்டு வருகிறது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. கடல் சார்ந்த பிரச்சினைகளெல்லாம் கரையோர மக்களுக்கும் கடற்படைக்கும் உரியவை என்ற எண்ணமே உள்நாட்டு மாவட்டங்களில் வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் கடலடிப் பாறைகளை அண்டி வாழும் மீன்களின் இன்றைய நிலை தெளிவாகக் காட்டுகிறது.

தூண்டிலுக்கு எளிதில் பணியாத மீன்

கடலுக்கு அடியில் உயர்ந்து நிற்கும் பாறைத் திட்டுகளையும் முருகைக்கல் மேடுகளையும் நமது மீனவர்கள் 'பார்' என்று அழைப்பர். மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் வரலாற்றுப் புகழ் பெற்றவை. முத்துச்சிப்பி மட்டுமன்றி, சந்தையில் உயர்ந்த விலைக்குப் போகும் கலவாய், விளைமீன், செப்பிலி போன்ற மீன்களும் இத்தகைய பார்களிலேயே வாழ்கின்றன. சூடையும் சாளையும் போலக் கூட்டங்கூட்டமாக மேல்நீரில் அலையும் மீன்கள் அல்ல இவை. அடித்தளத்தில், பாறைப் பொந்துகளையும் வெடிப்புகளையும் வீடாகக் கொண்டவை.

இவற்றைப் பிடிப்பது தனிக் கலை. கரையிலுள்ள கோயிற் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, மலை, பனை போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பொருத்திப் பார்த்துப் பாறையின் இடத்தைக் கணிக்கும் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகக் கைமாறி வந்தது. இன்று அந்த வேலையைச் செய்மதிக் கருவி செய்கிறது. ஆனால் ஈயக்குண்டு கட்டிய கைத்தூண்டிலில் கணவாயையோ சிறு மீனையோ இரையாகக் கோத்து இறக்கிய பின்னர் நடப்பது மாறவில்லை. இரையைக் கவ்விய கலவாய் நேராகத் தன் பொந்தை நோக்கிப் பாயும். பொந்துக்குள் நுழைந்துவிட்டால் செவுள்களை விரித்துத் தன்னைப் பாறையோடு இறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு தூண்டிற் கயிறு பாறை விளிம்பில் உரசி அறுவதுதான் மிச்சம். முதற்சில கணங்களுக்குள் அதைப் பாறையிலிருந்து பிரித்து மேலே இழுத்துவிட வேண்டும். கயிறு உள்ளங்கையை அறுத்த தழும்பு இல்லாத பார்த் தூண்டிற்காரரைக் காண்பது அரிது.

இத்தொழில் உழைப்பைப் பெரிதும் கோருவது. ஆனால் அழிவு குறைந்தது. ஒரு தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனையே பிடிக்கும். பாறையைச் சிதைக்காது, குஞ்சுகளை வாரிச் செல்லாது. பார்கள் இத்தனை தலைமுறைகளாக மீன் தந்து வந்தமைக்கு அவற்றில் நெடுங்காலம் தூண்டிலே பிரதான கருவியாக இருந்தமையும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

மெதுவாக வளரும் செல்வம்

பார் மீன்களைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கிய உண்மை, அவை மெதுவாகவே பெருகுகின்றன என்பதாகும். சாளை ஓராண்டுக்குள் வளர்ந்து இனம்பெருக்கிவிடும். கலவாய் இனங்களிற் பெரியவை முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் எடுக்கும். அதனினும் வியப்பானது, கலவாய்களிற் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ந்து, வயதும் பருமனும் கூடிய பின்னரே ஆணாக மாறுகின்றன. எனவே ஒரு பாரிலிருந்து பெரிய மீன்களை மட்டும் தொடர்ந்து எடுத்துவிட்டால், அங்கு எஞ்சுபவை பெரும்பாலும் பெண் மீன்களாகவே இருக்கும். மறுபுறத்தில், விடுதிகளின் உணவுத் தட்டில் முழு மீனாக அடங்கும் அளவுக்குச் சிறியவற்றையே தேடிப் பிடித்தால், பெரிய இனங்களின் குஞ்சுகள் ஒருமுறையேனும் முட்டையிடும் வாய்ப்பின்றி அழிந்துவிடும். இவ்விரண்டும் ஒரே பாரில் ஒரே காலத்தில் நடக்குமாயின் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

பல கலவாய் இனங்கள் ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் ஒன்றுகூடி முட்டையிடும் இயல்புடையவை. அந்த இடத்தையும் காலத்தையும் அறிந்தவர் சில நாட்களிலேயே ஒரு பரந்த பிரதேசத்தின் இனப்பெருக்க இருப்பைக் காலி செய்துவிடலாம். கரிபியன் கடலில் நாசோ கலவாய் என்னும் இனத்துக்கு இதுவே நேர்ந்தது. பல முட்டையிடும் களங்கள் மீனின்றி வெறுமையான பின்னரே அங்குள்ள அரசுகள் பருவகாலத் தடைகளை விதித்தன. சில இடங்களில் அத்தடை பலனும் தந்தது.

'குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த மீனைப் பிடிக்காதே' என்ற சட்டம் போதாதா என்று சிலர் கேட்கலாம். பார் மீன் விடயத்தில் அது முழுத் தீர்வு ஆகாது. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும்போது நீரின் அழுத்தம் குறைந்து, மீனின் காற்றுப்பை ஊதிப் பெருக்கிறது. வயிறு புடைத்து, கண்கள் பிதுங்கி மேலே வரும் மீனை மீண்டும் கடலில் விட்டாலும் அதனால் கீழே மூழ்க முடியாமற் போவதுண்டு. ஆகவே பிடித்த பின் விடுவதிலும் பார்க்க, பிடிக்காமல் விடுவதே பயனுடையது. பெரிய தூண்டில் முள்ளைப் பயன்படுத்துவதும், முட்டையிடும் காலத்தில் சில பார்களை மூடிவைப்பதுமே அதற்கான வழிகள்.

மூன்று வகை அழிவு

இலங்கையின் கண்டமேடை ஒடுங்கியது. நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றிச் சராசரியாக 20 முதல் 25 கிலோமீற்றர் அகலமே கொண்டது. வடக்கேயும் வடமேற்கேயும் மட்டுமே அது விரிந்து கிடக்கிறது. அடித்தள மீன் வளத்தின் கணிசமான பங்கு இந்த ஒடுங்கிய மேடையிலேயே அடங்கியிருப்பதால், அதற்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்ய வேறு இடமில்லை. அந்த மேடையில் இன்று மூன்று வகை அழிவுகள் நிகழ்கின்றன.

முதலாவது இழுவைமடி. வடகடலில் இந்திய றோலர்களின் அத்துமீறல் பற்றி இப்பக்கத்தின் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கனத்த மடியைக் கடலடியில் இழுத்துச் செல்லும் இப்படகுகள் மடி கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் பெரும் பாறைகளைத் தவிர்ப்பது உண்மையே. ஆனால் பார்களைச் சூழவுள்ள மணலையும் சேற்றையும் கடற்புல் தரையையும் அவை வாரிச் செல்கின்றன. விளைமீன், செப்பிலி ஆகியவற்றின் பல இனங்கள் தமது குஞ்சுப் பருவத்தைக் கடற்புல்லிலும் கண்டற் காடுகளிலும் கழித்த பின்னரே பாறைகளுக்குக் குடிபெயர்கின்றன. தொட்டில் அழிந்த பின் வீடு நிறைவது எப்படி?

2017 ஜூலையில் நாடாளுமன்றம் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்த சட்டமூலமே இதற்கு அடிப்படையாக அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணமும் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. 2024 டிசம்பரில் புதுடில்லி சென்ற ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, இழுவைமடித் தொழில் நிறுத்தப்பட வேண்டும் என்பதை அங்கும் வலியுறுத்தினார். ஆயினும் கைதும் விடுதலையும் தொடர்கதையாகவே நீள்கின்றன. இதில் ஒரு நியாயத்தை மறந்துவிடலாகாது. தமிழகத்திலும் றோலரால் பாதிக்கப்படுபவர் நாட்டுப்படகில் தூண்டிலும் சிறுவலையும் கொண்டு தொழில் செய்யும் ஏழை மீனவரே. எனவே இது தமிழக மீனவருக்கும் ஈழத்து மீனவருக்கும் இடையிலான பகை அன்று. கடலடியை அழிக்கும் ஒரு தொழில்முறைக்கும் அதைக் காத்து வாழும் தொழில்முறைக்கும் இடையிலான முரண்பாடு. நமது கரையிலும் இழுவைமடியைப் பயன்படுத்தியோர் இருந்தனர் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பாறைகளின் மேல் விரிக்கப்படும் வலை. முருகைக்கற்பார்களிலும் பாறைகளிலும் செவுள்வலை, அடுக்குவலை போன்றவற்றைப் பயன்படுத்துவதை 1996ஆம் ஆண்டின் மீன்பிடி நடவடிக்கை ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. பாறையில் சிக்கிக் கைவிடப்படும் நைலோன் வலை மக்குவதில்லை. உரியவர் இல்லாத அந்த வலை ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கிறது. அதில் அகப்படும் மீன் யாருடைய சட்டிக்கும் வருவதில்லை.

மூன்றாவதும் மிகக் கொடியதுமானது டைனமைற் வெடி. திருகோணமலைக் கடற்பரப்பு உட்பட நாட்டின் பல கரைகளிலிருந்து இது பற்றிய முறைப்பாடுகள் தொடர்ந்து எழுந்த வண்ணமே உள்ளன. ஒரு வெடி அதன் வீச்செல்லைக்குள் இருக்கும் பெரிய மீன், குஞ்சு, முட்டை என்ற வேறுபாடின்றி அனைத்தையும் கொல்கிறது. கொல்லப்பட்டவற்றில் கணிசமானவை மிதக்காமல் அடியிலே தங்கி அழுகுகின்றன. முருகைக்கல் நொறுங்கிச் சல்லியாகிறது. அலையில் புரண்டுகொண்டே இருக்கும் அந்தச் சல்லியில் புதிய முருகை வேரூன்றுவது கடினம். வெடிப்பது ஒரு கணம். பார் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள். வெடியை எறிபவரும் தப்புவதில்லை. கையையும் கண்ணையும் உயிரையும் இழந்தோர் கரையோரக் கிராமங்களில் உள்ளனர்.

ஏற்கனவே கடல் வெப்பமடைதலால் நமது முருகைக்கற்பார்கள் நலிந்துள்ளன. 1998இல் ஏற்பட்ட வெளிறல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. கிழக்கில் புறாத்தீவு அந்த ஆண்டில் பெரிதும் தப்பிக்கொண்டது. 2003இல் அது தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனால் கடல் வெப்பத்துக்குப் பூங்காவின் எல்லைக்கோடு தெரியாது. இயற்கை இவ்வாறு நெருக்கும் வேளையில் மனிதனும் வெடி வைப்பானாயின் பார்கள் எதைத்தான் தாங்கும்?

வரலாறு சொல்லும் பாடம்

அடித்தள மீன் வளம் கையைவிட்டுப் போவது இந்நாட்டுக்குப் புதிய அனுபவம் அன்று. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பாங்க் என்னும் பாறைத்தளக் கடற்பரப்பில் இலங்கையின் பெரும் மீன்பிடிக் கப்பல்கள் நெடுங்காலம் தொழில் செய்துவந்தன. கலவாயும் செப்பிலியும் அங்கிருந்து கொழும்புக்கு வந்திறங்கின. 1976 மார்ச்சில் கைச்சாத்தான இந்திய - இலங்கைக் கடல் எல்லை உடன்படிக்கையின் மூலம் அப்பரப்பு இந்தியாவுக்குரியதாயிற்று. வரையறுக்கப்பட்ட ஆறு கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், மூன்றாண்டுகளுக்கு மட்டும் மீன்பிடிக்கலாம் என்ற சலுகையுடன் அந்த அத்தியாயம் முடிந்தது. கச்சதீவைப் பற்றி இன்றும் பேசப்படும் அளவுக்கு வாட்ஜ் பாங்க் பற்றிப் பேசப்படுவதில்லை. எனினும் மீன் என்ற கோணத்தில் நோக்கினால் அந்த இழப்பு சிறியதன்று. அதன் பின்னர் நமது அடித்தள மீனுக்கு நமது ஒடுங்கிய மேடையையே நாம் நம்பவேண்டியதாயிற்று.

போர்க்காலம் வேறொரு பாடத்தைத் தந்தது. இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, கரையிலிருந்து செல்லக்கூடிய தூரத்துக்கு எல்லை எனப் பல கெடுபிடிகள் வடக்கு, கிழக்கு மீனவரை வாட்டின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மன்னார்க் கரையோர மீனவக் குடும்பங்களும் அடங்கும். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2002இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்து மீன் தெற்கே வரும் தரைவழி அடைபட்டது. போர் முடிந்து தடைகள் நீங்கியபோது மக்கள் தமது கடலுக்குத் திரும்பினர். ஆனால் அவர்களுக்கு முன்பே றோலர்களும், தென்பகுதிகளிலிருந்து பருவந்தோறும் வரும் வசதி படைத்த தொழிலாளரும் அங்கே இருந்தனர். கிண்ணியா, மூதூர், புல்மோட்டை முஸ்லிம் மீனவரும், திருக்கடலூர், சல்லி, சம்பூர் தமிழ் மீனவரும் வேறு பல விடயங்களில் கருத்து வேறுபடலாம். வெடியாலும் தடைசெய்யப்பட்ட வலையாலும் பார்கள் அழிவதில் அவர்களது இழப்பு ஒன்றே.

இதற்கு மேல் பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் தொலைவிலுள்ள பாருக்குச் சென்று தூண்டில் போடுபவரின் கணக்கு அன்றே குலைந்தது. நாள் முழுவதும் உழைத்து நாலைந்து நல்ல மீனுடன் திரும்புபவர் எரிபொருட் செலவையும் ஈட்ட முடியாதபோது, ஒரே வெடியில் படகை நிரப்புபவரைப் பார்த்து என்ன நினைப்பார்? நேர்மையான தொழில் நட்டத்தையும், சட்டவிரோதத் தொழில் இலாபத்தையும் தருமாயின் எந்தச் சட்டமும் நெடுநாள் நிலைக்காது.

தரையிலிருந்து செல்லும் வெடி

இங்கேதான் மாத்தளை போன்ற உள்நாட்டு மாவட்டங்களின் பங்கு எழுகிறது. கடலில் வெடிக்கும் வெடிபொருள் கடலில் விளைவதில்லை. கல்லுடைக்கும் தொழிலுக்கும் நிர்மாணப் பணிகளுக்குமென அனுமதிபெற்று விநியோகிக்கப்படும் வெடிபொருளில் ஒரு பகுதி திசைமாறியே கரையை அடைகிறது என்பது நெடுநாளாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் விடயம். எனவே கடலில் ஒரு படகைத் துரத்திப் பிடிப்பதைவிட, தரையில் ஒரு கணக்குப் புத்தகத்தைச் சரிபார்ப்பது எளிது, செலவும் குறைவு. கற்குவாரிகள் உள்ள எந்த மாவட்டமும், மாத்தளை உட்பட, இந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. எத்தனை வெடிகள் பெறப்பட்டன, எவ்வளவு கல் உடைக்கப்பட்டது, மீதி எங்கே என்ற மூன்று கேள்விகளையும் மாவட்டச் செயலகமும் பொலிஸாரும் ஒழுங்காகக் கேட்பார்களாயின் திருகோணமலையின் பார்களுக்கு அது பெரும் காவலாக அமையும்.

அடுத்தது சந்தை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, வெடிபொருளையும் நஞ்சையும் கொண்டு மீன்பிடிப்பதைக் குற்றமாக்குகிறது. அவ்வாறு பிடிக்கப்பட்ட மீனை விற்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமே. வெடியில் இறந்த மீனை அனுபவமுள்ள வியாபாரி எளிதில் இனங்காணலாம். வெளித்தோற்றத்தில் செதில் குலையாமல் இருக்கும். வெட்டிப் பார்த்தால் முள்ளந்தண்டு முறிந்தும், அதையொட்டி இரத்தம் கட்டியும், காற்றுப்பை வெடித்தும், சதை தளர்ந்தும் இருக்கும். அது விரைவில் கெட்டும்விடும். இதை அறிந்தும் வாங்கி விற்பவர், வெடி எறிபவருக்கு முதலீடு செய்பவராகவே கருதப்பட வேண்டும். மாத்தளையின் மீன் வர்த்தகத்தில் ஈடுபட்டுள்ள எல்லாச் சமூகத்து வணிகர்களும் சங்கமாகக் கூடி இத்தகைய மீனை ஏற்பதில்லை எனத் தீர்மானித்தால் அதற்குச் சட்டத்தைவிட வலிமை உண்டு. சீகிரியாவிலும் தம்புள்ளையிலும் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் விடுதிகள், தாம் பரிமாறும் மீன் தூண்டிலில் பிடிபட்டதா என்று கேட்டு, அதற்குரிய விலையைக் கொடுத்தால் தூண்டிற்காரரின் உழைப்புக்கு அதுவே மதிப்பாகும்.

கலவாயும் விளைமீனும் வசதி படைத்தோரின் உணவுதானே, தோட்டத் தொழிலாளிக்கு அதனால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். மீன் விலை ஓர் ஏணி போன்றது. மேற்படியிலுள்ள மீன் அருகும்போது அதை வாங்குபவர் அடுத்த படிக்கு இறங்குவர். ஒவ்வொருவரும் ஒரு படி இறங்க, அடிப்படியில் நின்று சாளையும் கருவாடும் வாங்கியவர் ஏணியிலிருந்தே தள்ளப்படுவார். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப் பகுதிகளிலோ அது ஏறத்தாழ 32 வீதம். றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் தோட்டத்துப் பிள்ளைகளின் தட்டில் ஒரு துண்டு மீன் விழுவதும் விழாததும் கடலின் நிலையோடு தொடர்புபட்டதே.

கையருகில் உள்ள மாற்று

மாத்தளையிடம் இன்னொரு செல்வமும் இருக்கிறது. கண்டலம, தேவஹுவ, போவத்தென்ன முதலிய நீர்த்தேக்கங்களோடு, மொரகஹகந்தையும் களு கங்கை நீர்த்தேக்கமும் இன்று இம்மாவட்டத்தில் உள்ளன. தம்புள்ளையில் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மீன்குஞ்சு உற்பத்தி நிலையமும் இயங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 'ஜப்பான் மீன்' எனப் பலராலும் அழைக்கப்படும் திலாப்பியா, குளங்களை நம்பிய குடும்பங்களுக்குப் பெரும் துணையாயிற்று. ஆனால் 1990இல் அன்றைய அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவைத் திடீரென விலக்கிக்கொண்டது. குஞ்சு விடுதல் நின்றது, நிலையங்கள் கைமாறின, கண்காணிப்பு இல்லாமற் போனது. 1994இல் ஆதரவு மீண்டும் வழங்கப்பட்டு, 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதற்கென ஓர் அதிகார சபை உருவாகும்வரை ஏற்பட்ட நட்டத்தை அளவிடுவது கடினம். தலைநகரில் எடுக்கப்படும் ஒரு தீர்மானம் குளக்கரைக் குடும்பமொன்றின் சோற்றுத் தட்டை எவ்வாறு பாதிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குளத்து மீனில் சேற்று வாடை உண்டு என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உள்ளனர். பிடித்தவுடன் சுத்தம் செய்து, பனிக்கட்டியில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தால் இக்குறை பெரிதும் நீங்கும். மலிவான, புதிய மீன் நம் வாசலிலேயே கிடைக்கும்போது, கடலடிப் பார்கள் மீதான நெருக்கடியும் ஓரளவு குறையும்.

செய்யவேண்டியவை

முதலாவதாக, நாட்டின் முக்கியமான பார்களையும் அங்கு மீன் முட்டையிடும் காலங்களையும் மீனவரின் அனுபவ அறிவோடு இணைத்து நாரா நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும். அக்காலங்களில் குறிப்பிட்ட பார்களை மூடிவைக்கும் தீர்மானத்தை அப்பகுதி மீனவர் சங்கங்களே எடுக்கும் வகையில் அதிகாரம் வழங்கப்பட வேண்டும். மேலிருந்து திணிக்கப்படும் தடையைவிட, தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர் கூடி ஏற்றுக்கொள்ளும் தடையே நிலைக்கும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் றோலர்கள் கடலுக்குச் செல்லாதிருப்பது, பருவகாலத் தடை நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற வாதத்துக்குப் பதிலாக அமைகிறது. தடைக்காலத்தில் அங்கு மீனவக் குடும்பங்களுக்கு வழங்கப்படுவது போன்ற நிவாரணத்தை இங்கும் வழங்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவதாக, வெடிபொருள் விநியோகத்தைக் கல்லுடைக்கும் மாவட்டங்களிலேயே கண்காணிக்க வேண்டும். மூன்றாவதாக, தூண்டில் மீனவருக்கு எரிபொருள் நிவாரணம், பனிக்கட்டி வசதி, நியாய விலை ஆகியவற்றில் முன்னுரிமை வழங்கப்பட வேண்டும். நான்காவதாக, 2017ஆம் ஆண்டின் சட்டம் வடகடலில் மட்டுமன்றி நாட்டின் எந்தக் கரையிலும், எவர் மீதும் பாரபட்சமின்றி நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். அயலவரின் றோலரை எதிர்க்கும் நாம், நமது பக்கத்து வெடியையும் வலையையும் கண்டும் காணாமல் இருப்போமாயின் நமது வாதத்துக்கு உலகில் மதிப்பிராது.

இவற்றுள் எதுவும் பெரும் நிதியை வேண்டி நிற்பவை அல்ல. சட்டங்கள் பெரும்பாலும் ஏற்கனவே உள்ளன. இல்லாதிருப்பது அவற்றை நடைமுறைப்படுத்தும் உறுதியும், அதைக் கேட்டு நிற்கும் மக்கள் குரலுமே. அந்தக் குரல் கரையோரத்திலிருந்து மட்டும் எழுந்தால் அது தொழிற் போட்டியாக அலட்சியம் செய்யப்படும். கடலே இல்லாத மாத்தளையிலிருந்தும், கண்டியிலிருந்தும், பதுளையிலிருந்தும் எழுமானால் அது நாட்டின் குரலாகக் கேட்கப்படும். மீன் வாங்கும் ஒவ்வொருவரும் 'இது எங்கே, எவ்வாறு பிடித்தது?' என்று வியாபாரியிடம் கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். உள்ளங்கை கிழியக் கயிறு இழுத்து அந்த மீனைக் கரைசேர்த்தவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நீதி அதுவே.